கூப்பன் மாவின் விலை

என் மகனை நான் கணக்கில் ஏமாற்றினேன்.

தெரியாமல் அல்ல. கை தவறியும் அல்ல. எந்த எண்ணை எங்கே வைத்தால் அவன் தோற்பான் என்று தெரிந்துகொண்டு, அந்த எண்ணை அங்கே வைத்தேன். அந்தப் பொய்யால் அவனுடைய இடது காது போயிற்று. யார் அடித்தது என்று ஊருக்குத் தெரியும். யாரால் அடி விழுந்தது என்பது ஊருக்குத் தெரியாது.

இதை வாசிக்கும் நீங்களும் பிள்ளை பெற்றவராக இருக்கலாம். "பிள்ளையின் நன்மைக்குத்தானே செய்தீர்கள்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வரலாம். தயவுசெய்து சொல்லாதீர்கள்! முழுவதையும் வாசித்துவிட்டு, அதன் பிறகும் அப்படிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் பிறந்தவன் நான். படித்து, அதே தோட்டத்துப் பாடசாலையில் கணக்கு ஆசிரியரானேன். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தோட்டத்துக்கே நான் 'மாஸ்டர்'. சம்பள நாளில், வேலை செய்த நாளுக்குப் போடும் பேர் குறைந்திருக்கிறது, கொழுந்து நிறுவையில் கை வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் பெரியவர்களும் என்னிடம்தான் வருவார்கள். நான் கூட்டிப் பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. "மாஸ்டர் சொன்னா சரி."

அந்தச் சொல்லில் எனக்கு எவ்வளவு போதை இருந்தது என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

என் மகன் சசி, தொண்ணூறுகளின் கடைசியில் உயர்தரப் பரீட்சை எழுதித் தவறினான். வர்த்தகப் பிரிவு. மறுபடி எழுது என்றேன். கொழும்புக்குப் போகிறேன் என்றான். பக்கத்து லயத்து ரமேஷ் ஒரு புடவைக் கடையில் இருவருக்கும் வேலை பேசி வைத்திருந்தான். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, தீபாவளிக்குத் துணி.

கொழும்பு! போர் நடந்த நாட்கள் அவை. குண்டு வெடித்த மறுநாள் ஆமியும் பொலிசும் லொட்ஜ்களைச் சுற்றிவளைப்பார்கள். தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு, வாலிப வயதில் இருந்தால் போதும்... லொறியில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் அப்படிப் போய்ப் பல மாதங்கள் கழித்து வந்தான். வந்தவன் யாரோடும் பேசுவதில்லை. பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். அவனைக் காணும்போதெல்லாம் அந்த முகத்தில் சசியின் முகம் எனக்குத் தெரிந்தது.

இதை நான் சசியிடம் சொன்னேனா? இல்லை. பயமாக இருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்ல எனக்கு வெட்கம். அதற்குப் பதிலாக, "தறுதலையாகப் போகாதே" என்று திட்டினேன். "சினிமாப் பைத்தியம்" என்று திட்டினேன்.

சினிமாப் பைத்தியம் உண்மைதான். ரமேஷும் சசியும் ஒரு இளம் நடிகருக்கு ரசிகர் மன்றம் வைத்திருந்தார்கள். அவர் படம் டவுன் சினிமா ஹாலுக்கு வந்தால் முதல் நாளே பூமாலை, பட்டாசு, கட்டவுட்டுக்குப் பால். எங்கள் வீட்டுச் சுவரில் பாதியை அவர்தான் பிடித்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டே சசி சொன்னான்: "எங்க ஆள் படம் மாதிரி வசூல் இந்த டவுன்ல எந்தப் படமும் பண்ணினதில்லப்பா."

"எங்க காலத்துப் படம் உனக்குத் தெரியாது. கலரிக்குள்ள மூச்சு விட இடம் இருக்காது."

"மூச்சு விட இடம் இல்லாம இருந்திருக்கும். காசு எங்க இருந்துச்சு? ஹால்ல போர்ட் இருக்கு, போய்ப் பாருங்க."

அந்த ஹாலின் முன்னறையில் ஒரு நீளமான மரப்பலகை உண்டு. நன்றாக ஓடிய படங்களின் பெயரும் மொத்த வசூலும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். ஹாலை நடத்திய, நாங்கள் நாநா என்று அழைத்த முஸ்லிம் பெரியவருக்கு அதில் பெரிய பெருமை. ஆண்டுக்கு ஒரு முறை அவரே ஏணி வைத்து ஏறி எழுத்துகளைப் புதுப்பிப்பார். அந்தப் பலகையில் என் காலத்துப் படமும் இருந்தது, சசியின் நடிகர் நடித்த படமும் இருந்தது. இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் படம் சிறுபிள்ளையின் கைக்காசு மாதிரித் தெரியும்.

"ரூபாயும் ரூபாயும் ஒண்ணாடா?" என்று கேட்டேன். "அன்னைக்கு ஒரு ரூபாய்க்கு என்ன வாங்கினோம், இன்னைக்கு என்ன வாங்குறோம்?"

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவனோ ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"அது சரிதாம்பா. பணவீக்கத்தைக் கழிச்சாத்தான் ஒப்பிடலாம். புத்தகத்துல இருக்கு."

பரீட்சையில் தவறிய பிள்ளை சொன்னான் இதை! தனக்கு எதிரான வாதம் என்று தெரிந்தும், சரி என்றால் சரி என்றான். ஒரு ஆசிரியனாக என் நெஞ்சு நிறைந்த கணம் அது. அடுத்த கணமே ஒரு தகப்பனாக அதில் ஒரு வழியைக் கண்டேன்.

"அப்ப பந்தயம் வைப்போமா?" என்றேன்.

பந்தயம் இதுதான். இரண்டு வசூலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்ப்பது. அவன் படம் வென்றால் அவன் கொழும்புக்குப் போகலாம், நான் தடுக்கமாட்டேன். என் படம் வென்றால் அவன் தோட்டத்திலேயே இருந்து மறுபடி பரீட்சை எழுத வேண்டும். மன்றத்தை விட்டு விலக வேண்டும்.

"நீயே அவனுக முன்னால நின்னு சொல்லணும், தோத்துட்டேன்னு" என்றும் சேர்த்தேன். ரமேஷோடு உள்ள சிநேகம் அறுந்தால்தான் கொழும்பும் அறும் என்று நினைத்தேன். அந்தக் கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் இன்று அவனுக்கு இரண்டு காதும் கேட்கும்.

"எதால அளப்போம்?" என்று கேட்டேன்.

"விலைச் சுட்டெண் எல்லாம் நம்மகிட்ட இல்ல. மாவால அளப்போம்பா. அன்னைக்கும் ரொட்டிதான், இன்னைக்கும் ரொட்டிதான்."

நேர்மையான யோசனை. என் படம் ஓடிய நாளில் அதன் வசூலுக்கு எத்தனை ராத்தல் கோதுமை மா வாங்கலாம்? இவன் படம் ஓடிய நாளில் அதன் வசூலுக்கு எத்தனை ராத்தல்? மா அதிகம் எதற்கோ, அதுதான் பெரிய படம். இன்றைய விலை கடையில் கேட்டால் தெரியும். அன்றைய விலை?

"நீங்கதான் சொல்லணும். நீங்கதானே இருந்தீங்க" என்றான்.

ஆம். நான்தான் இருந்தேன்.

என் காலத்துப் படம் வந்தது எழுபதுகளின் சாமான் தட்டுப்பாட்டுக் காலத்தில். உங்களில் சிலருக்கு அந்தக் காலம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அப்போது மாவுக்கு இரண்டு விலை இருந்தது. ஒன்று கூப்பன் விலை. ஆளுக்கொரு கூப்பன் புத்தகம். அதைக் காட்டினால் மலிவாகக் கிடைக்க வேண்டும். கிடைக்க வேண்டும்! கூப்பன் கடைக்கு மா வரும் நாள் யாருக்கும் தெரியாது. வந்தாலும் வரிசையின் முன்பாதியோடு முடிந்துவிடும். மற்ற விலை, கடையின் பின்கதவு விலை. அது மூன்று மடங்கு. சில வாரங்களில் அதற்கும் மேல். எங்கள் லயத்தில் ரொட்டி சுட்டது, சுட்ட நாட்களில், அந்தப் பின்கதவு மாவில்தான். அம்மாவின் தோடும் எங்கள் வெண்கல அண்டாவும் அந்தக் கதவு வழியாகத்தான் போயின. மற்ற நாட்களில் மரவள்ளி இலை அவித்தோம்.

என் தங்கை பாக்கியம் அந்தக் காலத்தில்தான் செத்தாள். கால்கள் வீங்கி, முகம் வீங்கி. காய்ச்சல் என்று எழுதினார்கள். காய்ச்சல்... அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

சசி பென்சிலோடு காத்திருந்தான். நான் இரண்டு விலையையும் மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். அது எனக்குச் சிரமமா? கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. பின்கதவு விலையைப் போட்டால் என் படத்தின் மா குறைந்து, சசியின் படம் வெல்கிறது. பெரிய வித்தியாசமில்லை, ஆனாலும் வெல்கிறது. கூப்பன் விலையைப் போட்டால் என் படம் மா மூட்டைகளை மலையாகக் குவித்துக்கொண்டு ஹாலின் கூரைக்கு மேலே போகிறது.

நான் கூப்பன் விலையைச் சொன்னேன்.

அடுப்பருகே நின்ற என் மனைவி புஷ்பம் திரும்பிப் பார்த்தாள். அவளும் அந்தக் காலத்தில் வேறொரு தோட்டத்தில் பட்டினி கிடந்தவள்தான். "கூப்பன் மாவா? அது என்னைக்கு நம்ம..." என்று தொடங்கினாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சசியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் கொழும்பு என்றால் பயம்.

சசி வகுத்தான். ஒரு முறைக்கு இரு முறை வகுத்தான். ராத்தலைக் கிலோவாக்கிச் சரி பார்த்தான். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, "ஐயோ, எவ்வளவு பெரிய படம்பா அது!" என்றான்.

அவன் குரலில் ஏமாற்றமில்லை. வியப்பு! என் காலத்தின் மேல் அவனுக்கு அன்றுதான் மரியாதை வந்தது. பொய்யான மரியாதை.

பயத்தினால் மட்டும்தான் செய்தேனா? பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் முக்கால்வாசி. மீதியையும் சொல்லிவிடுகிறேன்: எனக்கு வெல்ல வேண்டியிருந்தது. என் காலத்து நடிகர் வெல்ல வேண்டியிருந்தது. மகனிடம் தோற்க எனக்கு மனமில்லை. அதற்காக, என் தங்கையின் பசியை இல்லை என்று எழுதினேன். எல்லாருக்கும் கூப்பன் மா கிடைத்தது என்றால் பாக்கியம் ஏன் செத்தாள்? அந்த வகுத்தலுக்குள் நான் அவளை இன்னொரு முறை புதைத்தேன்.

சசி அன்றே போஸ்டரைக் கழற்றினான். இளம் நடிகரின் அடுத்த படம் டவுனுக்கு வந்த முதல் நாள், மன்றத்தாரிடம் சொல்லப் போனான். நான் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த பஸ்ஸில் நானும் டவுனுக்கு இறங்கினேன். ஹாலுக்கு எதிரே, வீதிக்கு இந்தப் பக்கம் உள்ள தேத்தண்ணிக் கடையின் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

சிறிய வீதி அது. அங்கே பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

கட்டவுட்டுக்கு மாலை ஏறிக்கொண்டிருந்தது. ரமேஷ் ஏணியில் நின்றான். கலரி டிக்கட் வரிசையின் இரும்புக் கம்பிகளுக்குள் அவனுடைய அப்பா முத்தையாவும் நின்றான். முத்தையா என் வயதுக்காரன். கூப்பன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன். பாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது மண்வெட்டியைச் சுமந்து வந்தவன்.

"டேய், மாஸ்டர் மகன் வந்துட்டான்! பாலைக் கொண்டாடா!" என்றான் ரமேஷ்.

"பால் கொண்டு வரல. நான் விலகிக்கிறேன். பந்தயத்துல தோத்துட்டேன்."

"யாருகிட்ட?"

"எங்கப்பாகிட்ட."

கூட்டம் சிரித்தது. "அப்பாகிட்ட தோத்தா வீட்ல பாத்திரம் கழுவு. இங்க எதுக்குடா வந்த?"

சசியும் சிரித்தான். கணக்கை விளக்கத் தொடங்கினான். பழைய படம், புதிய படம், பணவீக்கம், மா... அவனுக்கே உரிய அக்கறையோடு, வகுப்பில் நின்று சொல்வது போல.

"வசூலை மாவாக்கிப் பார்த்தியா? அப்படியே ரொட்டியாக்கி எடுத்துட்டு வந்திருக்கலாமே மச்சான், பசிக்குது!"

மறுபடி சிரிப்பு. அதோடு முடிந்திருக்கும். கேலி பண்ணி, முதுகில் தட்டி, அவனையும் படத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் கம்பிகளுக்குள் இருந்து முத்தையா கேட்டான்:

"என்ன வெலைக்குடா மாவு போட்டீங்க?"

"கூப்பன் விலைக்குங்க மாமா."

முத்தையா கம்பியைக் குனிந்து தாண்டி வெளியே வந்தான்.

"கூப்பன் வெலைக்கு யாருக்குடா மாவு கெடைச்சுச்சு?"

"எல்லாருக்கும் கூப்பன் இருந்துச்சாமே மாமா. அப்பா சொன்னாரு."

"ஒங்கப்பனா? ஒங்கப்பனா சொன்னான்?"

அப்போது நான் வீதியைக் கடந்திருக்க வேண்டும்! பத்து எட்டு வைத்தால் போதும். "முத்தையா, நான்தான் பொய் சொன்னேன்" என்று ஒரு வரி. ஒரு லொறி போய்க்கொண்டிருந்தது. லொறி போகட்டும் என்று நின்றேன். லொறி போய்விட்டது. பிறகும் நின்றேன். டவுன் நடுவில், அத்தனை பேர் முன்னால், 'மாஸ்டர் சொன்னா சரி' என்ற மாஸ்டர்...

"எங்கப்பா கணக்குல பொய் சொல்லமாட்டாருங்க மாமா" என்றான் சசி.

"அப்ப எங்கம்மா? தன் ரொட்டியை எங்களுக்குப் பிச்சுக் குடுத்துட்டு, பச்சத் தண்ணியக் குடிச்சுப் படுத்தவ எந்திரிக்கல. அவ என்ன, கொழுப்பெடுத்தாடா பட்டினி கெடந்தா?"

"அது எனக்குத் தெரியாதுங்க மாமா. கணக்கு அப்படித்தான் வருது."

முத்தையா அறைந்தான்.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை அது. ஒரே அறை. சசி பக்கவாட்டில் சாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். முத்தையா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அழுகை வந்தது. என் மகனுக்கு வரவில்லை. சசி காதைப் பொத்திக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.

நான்? தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினேன். என் மகன் என்னைக் கண்டுவிடக் கூடாது என்று.

வீட்டில் அவன் வலியைச் சொல்லவில்லை. "லேசாத்தான் பட்டுச்சு" என்றான். நானும் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்டால் மற்றதையும் பேச வேண்டி வருமே! சில நாட்களில் தலையணையில் சீழ். அதன் பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, செவிப்பறை கிழிந்து, புண் உள்ளே போய்விட்டது என்றார்கள். நேரத்தோடு வந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

முத்தையா ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஒரு பையில் தோடம்பழம். சசி தூங்கிக்கொண்டிருந்தான். முத்தையா கட்டிலுக்குக் கிட்டே வரவில்லை. வார்டு வாசலிலேயே நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். சிறுவயதில் என்னை வாடா போடா என்று அழைத்தவன், நான் ஆசிரியரான நாளிலிருந்து மற்றவர்களைப் போலவே 'மாஸ்டர்' என்று மரியாதை கொடுத்துப் பேசுபவன்.

"மாஸ்டர், இந்தக் கையை வெட்டிப் போட்டாலும் ஆறாதுங்க. பச்சப் புள்ளைய அடிச்சிட்டேன். அவன் அப்படிச் சொன்னதும் எங்கம்மா மொகம் கண்ணு முன்னால வந்துருச்சு..." பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டான்: "நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க. பாக்கியத்த நாமதானே கொண்டு போனோம். பையன் மாத்தி வெளங்கிக்கிட்டான். அப்படித்தானுங்களே?"

நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிறீர்கள் அல்லவா? பாருங்கள்.

"ஆமா முத்தையா," என்றேன். "பையன் மாத்தி விளங்கிட்டான்."

அவன் முகத்தில் நிம்மதி வந்தது. நான் அதோடு விட்டேனா? அவன் தோளில் கை வைத்து, "நடந்தது நடந்துபோச்சு, நான் மனசுல வைக்கல" என்றேன். மன்னித்தேன்! நான், அவனை! அவன் குனிந்து என் காலைத் தொட வந்தான். தடுத்தேன். அந்தத் தடுத்தலைக்கூட ஊர் என் பெருந்தன்மை என்றுதான் பேசிக்கொண்டது. பொலிசுக்குப் போகாத மாஸ்டர், தங்கமான மனுஷன்.

இன்றும் கோயிலில், கடைத்தெருவில், முத்தையா என்னைக் கண்டால் தலை குனிந்துதான் நிற்பான். ரமேஷ் கொழும்புக்குப் போனான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு முறை பொலிஸ் பிடித்து, கடை முதலாளி வந்து சொன்னதும் விட்டுவிட்டார்களாம். இப்போது வத்தளையில் சொந்தக் கடை. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் பொய்க்கு ஒரு நியாயம் கிடைத்திருக்குமே என்று ஒரு நாள் நினைத்தேன்... ஒரே ஒரு நாள். அந்த நினைப்பு வந்த மனிதன் நான்தான்.

சசி பரீட்சை எழுதினான். தேறினான். ஒரு காதோடு பல்கலைக்கழகம் போய் வந்து, பெல்மதுளைப் பக்கம் ஒரு பாடசாலையில் வர்த்தகம் படிப்பிக்கிறான். "பார்த்தீர்களா, நல்லதுதானே நடந்தது" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

இந்த வருடம் ஒரு மாலை வந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு என் இடது பக்கம் உட்கார்ந்தான். அவனுடைய நல்ல காது என் பக்கம் இருக்கும்படி எப்போதும் அப்படித்தான் உட்காருவான்.

"அப்பா, பணவீக்கப் பாடத்துக்கு உங்க கணக்கைத்தான் வருஷா வருஷம் சொல்லிக் குடுக்கிறேன். பழைய படம், புதுப் படம், மா. பிள்ளைகளுக்கு டக்குனு விளங்கிரும். இன்னைக்கு ஒரு பிள்ளை எந்திரிச்சு, 'சேர், கூப்பன் விலைக்கு எல்லாருக்கும் மாவு கிடைச்சுச்சா? எங்க தாத்தா அப்படிச் சொல்லலியே'ன்னு கேக்குது. எனக்கு முத்தையா மாமா ஞாபகம் வந்துச்சு. கிடைச்சுச்சாப்பா?"

வருஷா வருஷம்! என் பொய்யை அவன் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறான். பட்டினி கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஒரு கேள்வியில் கதவு முழுவதும் திறந்திருந்தது. புஷ்பம் அடுப்படியில் அசையாமல் நின்றாள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எங்க தோட்டத்து டிவிஷன்ல கிடைச்சுச்சு," என்றேன். "மத்த இடம் தெரியாது."

"அதான் நானும் சொன்னேன்," என்றான் சசி. "எங்கப்பா இருந்து பார்த்தவர்னு சொன்னேன்."

அன்று முதல் எனக்குத் தூக்கமில்லை. போன வாரம் இருவரும் பலாங்கொடையிலிருந்து பெல்மதுளைக்குப் பஸ்ஸில் போனோம். அவன் வலது ஓரத்து ஜன்னலில் உட்கார்ந்தான். நான் அவனுக்கு இடது பக்கம். கேட்காத காதின் பக்கம். தற்செயலாக அல்ல. வேறு இடம் இருந்தும் அங்கேதான் போய் உட்கார்ந்தேன்.

பஸ் நிறைந்துகொண்டிருந்தது. கொண்டக்டர் பையன், "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் சொல்லிச் சனங்களை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தான். வளைவுகளில் இன்ஜின் அலறியது. நான் அந்தக் காதுக்குக் கிட்டே குனிந்து, என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன்:

"கூப்பன் மா எங்களுக்குக் கிடைக்கல சசி. உன் அத்தை பாக்கியம் பசியிலதான் செத்துச்சு. நான் வேணும்னேதான் அந்த விலையைச் சொன்னேன். உன் படம்தான் ஜெயிச்சுது. முத்தையா உன்ன அடிக்கும்போது நான் எதிர்க் கடையில நின்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவன் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் நெஞ்சில் ஏதோ இறங்கியது போல இருந்தது. இவ்வளவுதானா, சொல்லிவிட்டேன் அல்லவா என்று...

அவன் திரும்பினான். என் மூச்சு அவன் கன்னத்தில் பட்டிருக்க வேண்டும்.

"ஏதாவது சொன்னீங்களாப்பா?"

"இல்ல... மழை வருதுன்னேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். மழை இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் எழுந்து, நெரிசலில் என் முழங்காலைத் தாண்டி வெளியே வந்தான்.

"நீங்க ஜன்னல் பக்கம் போங்கப்பா. அந்தக் காதுல சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்?"

நான் நகர்ந்தேன். அவன் என் இடது பக்கம் உட்கார்ந்து, நல்ல காதை என் பக்கம் சாய்த்தான். பிள்ளைகள் கேள்வி கேட்கும்போதும் இப்படித்தான் சாய்ப்பான் போலும்.

"இப்பச் சொல்லுங்க," என்றான்.

பெல்மதுளைச் சந்தி வரும் வரைக்கும் அவன் அப்படியே சாய்ந்தபடி காத்திருந்தான்.